கப்பல் கட்டும் தொழில் தூத்துக்குடிக்குப் புதிதாக வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில் வரப்போகும் கப்பல் கட்டும் தளங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, ஒன்று விடாமல் படித்து வருகிறேன். 2025 செப்டம்பரில் கொச்சின் ஷிப்யார்டும் மும்பை மசகான் டாக்கும் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டன. இரண்டும் சேர்த்து 30,000 கோடி ரூபாய் முதலீடு என்றார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்றால் எனக்கு மனசு நிறைய சந்தோஷம்தான், அதில் எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தச் செய்திகளைப் படிக்கும் வெளியூர்க்காரர் ஒருவர், தூத்துக்குடியில் இதுவரை உப்பளமும் முத்தும் மக்ரூனும் மட்டும்தான் இருந்தன, கப்பல் கட்டுவது என்றால் என்னவென்றே இந்த ஊருக்குத் தெரியாது, இப்போதுதான் யாரோ வந்து கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அது உண்மை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய துறைமுகத்துப் பக்கம் தோணி கட்டுகிற வேலை தலைமுறை தலைமுறையாக நடந்த ஊர் இது. தோணி என்றதும் ஆற்றில் துடுப்புப் போடுகிற சின்னப் படகு என்று மற்ற ஊர்களில் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்த் தோணி இருநூறு முந்நூறு டன் சரக்கு ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போகிற மரக் கப்பல். கொழும்புக்குப் போனது, மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போனது, லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் அரிசி, காய்கறி, செங்கல், சிமென்ட் என்று சகலத்தையும் கொண்டுபோய் இறக்கியது. பாய் விரித்து ஓடிய காலம் போய் எஞ்சின் வந்த பிறகும் உடம்பு மரம்தான், கட்டுகிற முறையும் பழைய முறைதான். நான் வேலை பார்த்தது ஒரு கிளியரிங் ஏஜென்சியில். தோணிக்குப் போகிற சரக்குக்குக் காகிதம் எழுதியே என் சர்வீஸ் முடிந்தது. என் அம்மாவைப் பெற்ற தாத்தா தோணி கட்டிய ஓடாவி, அதாவது கப்பல் தச்சர். அந்த உரிமையில்தான் இவ்வளவு பேசுகிறேன்.

இந்த ஊர் எப்படித் துறைமுகமாக இருந்தது என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. 1974ஆம் வருஷம் ஜூலை 11ஆம் தேதிதான் புதுத் துறைமுகம் நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் இங்கே பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது. கரையோரம் ஆழம் இல்லை. நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியானாலும் உப்பு மூட்டையானாலும் அங்கே கொண்டுபோய் ஏற்ற வேண்டும், வருகிற சரக்கை அங்கே போய் இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஆட்களுக்கும் அதே கதைதான். 1876இல் ரயில் வந்து, மதராஸிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் ஏறிய காலத்திலும் கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. அந்தச் சரக்கையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவை தோணிகள். டச்சுக்காரன் 1658இல் பிடித்து வைத்திருந்ததும், பிறகு வெள்ளைக்காரன் வந்ததும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. துறைமுகம் என்று பெயர் சொல்லிக்கொள்ள இந்த ஊருக்கு அப்போது இருந்தது இந்தத் தோணிகளும் அதை ஓட்டிய ஆட்களும்தான் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

வ.உ.சி. கதையைச் சொல்லும்போதும் இதே மாதிரிதான் விட்டுவிடுகிறோம். செப்டம்பர் 5 வந்தால் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் பெயரையும் சொல்லி, செக்கிழுத்ததைச் சொல்லி, மாலை போட்டுவிட்டுப் போகிறோம். அவர் 1906 அக்டோபர் 16ஆம் தேதி பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு மூலதனம் பத்து லட்சம் ரூபாய், இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தக் கம்பெனியின் நோக்கங்கள் என்று எழுதி வைத்ததில் கொழும்புக்குக் கப்பல் விடுவது மட்டும் இல்லை. நம் ஆட்களுக்குக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், கப்பல் கட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும், கப்பல் கட்டும் துறைகள் அமைக்க வேண்டும் என்றும் இருந்தது. எதற்காக அப்படி எழுதினார்? ஆரம்பத்தில் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரர்கள் நெருக்கியதும் அந்தக் கப்பல் போய்விட்டது. கொழும்பிலிருந்து ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து ஓட்டினார். அப்புறம் சொந்தமாகவே வாங்கினார். அடுத்தவன் கொடுத்த கப்பலை அடுத்தவன் பிடுங்கிக்கொள்வான் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். கட்டத் தெரிந்தால்தான் கடல் நம்முடையது என்ற நினைப்பு அவருக்கு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டியதில்லை, தினமும் கடற்கரையில் தோணி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நடந்த மனிதர்தானே. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள், அவர் சிறையில் இருக்கும்போதே 1911இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். கப்பல் கட்டும் பள்ளிக்கூடம் காகிதத்தோடு போயிற்று. இப்போது தளம் வருகிறது, அவர் பெயரைத் தாங்கிய துறைமுகம் உள்ள ஊரிலேயே வருகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

சரி, இந்தத் தோணிக்காரர்களுக்கு அப்படி என்னதான் தெரியும் என்று கேட்பவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன்.

முதலில் ஏராக்கட்டை, தோணிக்கு முதுகெலும்பு மாதிரி அடியில் கிடக்கிற மரம். நல்ல நாள் பார்த்து, பூசை போட்டு, முழு நீளத்துக்கும் அதை வைப்பார்கள். அதன் மேல்தான் இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வங்கு எழும்பும். வங்குக்கு நேரான மரத்தை வளைவாக அறுத்துப் போட்டால் அலையில் பிளந்துவிடும், ரேகை வெட்டுப்பட்டிருக்கும் இல்லையா, அதனால் இயற்கையிலேயே அந்த வளைவில் வளர்ந்த வாகையையோ கருவேலையோ தேட வேண்டும். தாத்தா ஊர் ஊராக மரம் பார்க்கப் போவார். தோட்டத்தில் நிற்கிற மரத்தைச் சுற்றி வந்து, அடியிலிருந்து மேலே பார்த்து, இந்தக் கிளை அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், மூன்றாவது வங்குக்கு ஆகும், அது வயிற்றுப் பக்கத்துக்கு ஆகும் என்று நிற்கிற மரத்திலேயே சொல்லிவிடுவார். கையில் வரைபடம் எதுவும் கிடையாது. நடு வங்குக்கு ஒரு அச்சு, கோடு கீறி வைத்த ஒரு பலகை, மற்ற வங்கெல்லாம் முன்னும் பின்னும் போகப்போக எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பது அந்தக் கோட்டிலும் அவர் தலைக்குள்ளும் இருந்தது. இன்றைக்கு ஷிப்யார்டில் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை அது.

அப்புறம் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பஞ்சுத் திரியை முறுக்கி வைத்து, தட்டையான உளியால் அடித்து அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சும்மா தட்டுகிற வேலையாகத் தெரியும். திரி குறைவாக இறங்கினால் தண்ணீர் உள்ளே வரும், அதிகமாக அடித்துத் திணித்துவிட்டால் தண்ணீரில் மரம் ஊறி உப்பும்போது பலகையே ஆணியை விட்டு எகிறும். எது சரியான அளவு என்பதைச் சுத்தியல் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். திரி போதாத இடத்தில் சத்தம் பொதபொதவென்று இருக்கும், இடுக்கு நிறைந்துவிட்டால் கணீரென்று கேட்கும். தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது. அப்போதும் தோணிக்கு வெளியே ஒரு மரத்துண்டில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு பையன் அந்தப் பக்கம் அடிக்கிற சத்தத்தைக் கேட்டு, "ஏலே, அங்க இன்னும் இறங்கலடா, திரும்ப அடி" என்பார். பையன் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே இறங்கியிருக்காது. இதை எந்தப் புத்தகத்தில் எழுதி வைப்பது?

கச்சான் என்கிற மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் தோணி ஓடாது. கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். கூலி, சாப்பாடு, பேச்சு, சண்டை என்று அந்தப் பகுதியே நிறைந்து கிடக்கும். கம்பி வேலை செய்கிறவர், கயிறு திரிக்கிறவர், பாய் தைக்கிறவர் என்று ஒரு தோணியை நம்பிப் பத்துத் தொழில் இருந்தது. பாய் தைக்கிறவர்கள்தான் முதலில் போனார்கள். எஞ்சின் வந்த பிறகு பாய்க்கு என்ன வேலை.

புதுத் துறைமுகம் வந்த பிறகு பெரிய கப்பலே கரையை ஒட்டி வந்து நின்றது, நடுக்கடலுக்குப் போய் ஏற்றி இறக்குகிற வேலை தோணிக்கு இல்லாமல் போனது. கொழும்புச் சரக்கைக் கண்டெய்னர் எடுத்துக்கொண்டது. மாலத்தீவும் லட்சத்தீவும் மிச்சம். நல்ல மரம் விலை ஏறிவிட்டது, வெட்டுவதற்கும் கொண்டுவருவதற்கும் ஆயிரம் அனுமதி. தோணிக்கு ஆயுசு முடிந்தால் உடைத்து விறகுக்கும் இரும்புக்கும் விற்கிறார்கள், பதிலுக்குப் புதிதாக ஒன்று கட்டுவது அபூர்வமாகிவிட்டது. ஓடாவி வீட்டுப் பையன்கள் கட்டட வேலைக்கும் ஃபர்னிச்சர் கடைக்கும் போய்விட்டார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. வேலை இல்லாத தொழிலை வைத்துக்கொண்டு யார் சோறு தின்ன முடியும்?

அதனால் தோணி வியாபாரத்தை அரசாங்கம் காசு கொட்டிப் பழையபடி நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நடக்காது. எஃகுக் கப்பலோடு மரத்தோணி போட்டி போட முடியாது என்பது தோணிக்காரர்களுக்கே நம்மைவிட நன்றாகத் தெரியும். நான் கேட்பது இருக்கிற அறிவைச் சாகவிடாதீர்கள் என்பதைத்தான், அதிலும் இப்போதே செய்யுங்கள் என்பதைத்தான்.

ஏன் இப்போதே என்றால், போன பிறகு திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணெதிரே பார்த்துவிட்டோம். இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்ட கவுண்டின்யா பாய்மரக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அஜந்தா ஓவியத்தில் இருந்த கப்பலைப் பார்த்து, ஐந்தாம் நூற்றாண்டு முறையில் பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள், மத்திய கலாச்சாரத் துறை பணம் கொடுத்தது, கேரளத்துத் தச்சர்கள் வந்து கட்டினார்கள். அருமையான காரியம், பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் படத்தைத் தவிர அவர்கள் கையில் பழைய கப்பலும் இல்லை, அதைக் கட்டிய ஆளும் இல்லை. ஒவ்வொன்றையும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம்மிடம் கப்பலும் இருக்கிறது, கட்டிய ஆளும் உயிரோடு இருக்கிறார், போய்க் கேட்டால் சொல்வார். யாரும் போய்க் கேட்கவில்லை. குஜராத்தில் லோத்தலில் பிரமாண்டமாகக் கடல்சார் பாரம்பரிய வளாகம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் என்ன செய்கிறோம்? கொற்கையைத் தோண்டுகிறோம். தோண்டட்டும், வேண்டியதுதான். தோண்டாமலே கண்முன்னால் நிற்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு ஊர். அதுவும் கப்பல் கட்டிய ஊர்தான், யார்டுகளெல்லாம் மூடிப் போய் நொடித்துக் கிடந்தது. அங்கே டிரிங்கோமலி என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, 1990இல் தொடங்கி 2001 வரை அதைப் பழுது பார்த்தார்கள். இன்றைக்கு அந்த ஊருக்கு ஆட்கள் வருவதே அந்தக் கப்பலைப் பார்க்கத்தான் என்று சொல்லலாம், அதைச் சுற்றி அருங்காட்சியகமே இருக்கிறது. அந்தக் கப்பல் எங்கே கட்டியது தெரியுமா? பம்பாயில். 1817இல், மலபார்த் தேக்கில், வாடியா குடும்பத்துப் பார்சிக்காரர் தலைமையில் நம் நாட்டுத் தச்சர்கள் கட்டியது. நம் ஆள் கட்டிய மரக் கப்பல் இருநூறு வருஷம் தாண்டி இன்னும் தண்ணீரில் மிதக்கிறது, அதை வைத்து இன்னொரு தேசத்து ஊர் பிழைக்கிறது. இங்கே நாம் கட்டியதை உடைத்து விறகுக்குப் போடுகிறோம்.

ஆகவே அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். உடைப்பதற்குப் போகிற தோணிகளில் நல்ல நிலையில் உள்ள ஒன்றையாவது அரசு விலை கொடுத்து வாங்கி, பழைய துறைமுகத்துப் பக்கமே கரையில் ஏற்றி, மேலே கூரை போட்டு முழுசாக நிறுத்த வேண்டும். சின்ன மாதிரிப் பொம்மை செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதெல்லாம் போதாது. பிள்ளைகள் ஏணி வைத்து ஏறி உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் பலகையைத் திறந்து வைத்து வங்கு எப்படி நிற்கிறது என்று காட்ட வேண்டும். பக்கத்திலேயே உளி, சுத்தியல், அந்தக் கோடு கீறிய பலகை, தோணியை நடத்திய தண்டல்கள் வைத்திருந்த திசைகாட்டி, பழைய சரக்குச் சீட்டு எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைக்கலாம். பரண்மேல் கிடப்பதைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், நானே என் வீட்டில் இருக்கிற தாத்தாவின் உளிகளைக் கொடுக்கத் தயார்.

அதைவிட அவசரமானது அளவெடுப்பது. சென்னை ஐஐடியில் ஓஷன் இன்ஜினியரிங் துறை இருக்கிறது, எங்கள் ஊரிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் ஒரு லீவுக்கு வந்து தங்கினால் போதும், மிதக்கிற தோணிகளை அணியத்திலிருந்து சுக்கான் வரைக்கும் அளந்து வரைந்துவிடலாம், பெரியவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி வீடியோவில் பதிந்துவிடலாம். பாக் நீரிணைப் பக்கம் வத்தை என்கிற மீன்பிடிப் படகு கட்டுகிற முறையை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து மெனக்கெட்டு அளந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கிற ஆர்வம் நமக்கு வேண்டாமா?

வரப்போகிற புதுத் தளங்களை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங்குக்கும் ஃபிட்டிங்குக்கும் ஐடிஐ பையன்களை எடுக்கும்போது, தோணித் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பித்தால் அவர்களுக்கும் இடம் ஒதுக்கிக் கற்றுக்கொடுங்கள். கப்பலின் வடிவம் எப்படி இருக்க வேண்டும், சரக்கு ஏறினால் எங்கே தாழும், எந்த இடத்தில் அடி விழும் என்பதை அந்தப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். எஃகுக்கும் மரத்துக்கும் வேலை வேறு, எனக்குத் தெரியும். கடல் ஒன்றுதான். அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி வைப்பதாக இருந்தால், ஒரு வாரம் பழைய ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கிற மரியாதை இல்லை அது, பையன்களுக்குத்தான் லாபம்.

வீண்செலவு என்று சிலர் சொல்வார்கள். 30,000 கோடி பேசுகிற இடத்தில் ஒரு பழைய தோணியின் விலை கணக்கிலேயே வராது. இன்னும் சிலர், இதெல்லாம் ஒரு சாதிக்காரர்களின் விஷயம் என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். தோணிக்குச் சொந்தக்காரர் ஒருவர், கட்டியவர் ஒருவர், ஓட்டியவர் ஒருவர், சுமை தூக்கியவர் ஒருவர், சரக்குப் போட்ட வியாபாரி இன்னொருவர். பரதவர் இல்லாமல் எங்கள் ஊர்க் கடல் கதை கிடையாது, அதே சமயம் இந்த ஊரில் எல்லா சாதியும் எல்லா மதமும் அந்தத் தோணியில் கை வைத்துத்தான் சாப்பிட்டது. சரக்குச் சீட்டில் எத்தனை வகைப் பெயர்களை என் கையால் எழுதியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். வருகிற வ.உ.சி. பிறந்தநாளுக்கு நீங்கள் சிறப்புப் பக்கம் போடுவீர்கள். இந்த முறை ஒரு நிருபரையும் ஒரு போட்டோகிராபரையும் பழைய துறைமுகத்துக்கு அனுப்புங்கள். கச்சான் முடிவதற்குள் வந்தால் தோணிகள் கரையில்தான் இருக்கும், வேலை செய்கிறவர்களும் அங்கேயே இருப்பார்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், வெயில் ஏறினால் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் கூடவே வந்து காட்டுகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய உறையின் மேல் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி